பாட்டுக்கு விலை சொல்வோம்

ஏப்ரல் 14-க்கு ஒரு கூட்டம் போடுகிறோம். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம். மைக்செட்காரருக்குப் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுக்கிறோம். சுவரொட்டி அடித்த அச்சகத்தில் கடன் சொல்ல முடியாது. அன்று மாலை மூன்று மணி நேரம் தொண்டை கிழியப் பாடி, பறையடித்து, கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைத்த குழுவுக்கு மட்டும் ஒரு சால்வை, ஒரு புத்தகம், இரவுச் சாப்பாடு. கேட்டால் "நம்ம தோழர்தானே" என்போம். அவர்கள் வந்த வேன் வாடகைகூடப் பல நேரம் அவர்கள் கைக்காசுதான்.

சினிமாவுக்கு வெளியே பாடுகிற நம் பாட்டுக்காரர்கள் இணையத்தில் தங்கள் பாடல்களை எப்படி விற்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். எந்தத் தளத்தில் ஏற்றுவது, எவ்வளவு கழிவு, எந்தப் படிவம் என்பதையெல்லாம் கீழே சொல்கிறேன். ஆனால் நம்மவர்களிடம் இதைப் பேசத் தொடங்கினால், தொழில்நுட்பத்துக்கு முன்பாகவே ஒரு தயக்கம் வந்து நிற்கிறது. "பாட்டைப் போய் விற்கிறதா தோழர்?" அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

விலை சொல்ல முடியாத வேலை

சாவுக்குப் பறையடிப்பது பேசி முடித்துச் செய்கிற வேலையாக இருக்கவில்லை. இந்தச் சாதியில் பிறந்தவர் இதைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமாக இருந்தது. 'இவ்வளவு கொடுத்தால் வருகிறேன்' என்று சொல்லும் உரிமை அடித்தவருக்குக் கிடையாது. கிடைத்ததெல்லாம் சாராயம், கையில் திணித்த சில்லறை, அறுவடைக் களத்தில் ஒரு பங்கு நெல். ஊர் வேலை செய்தவர்களுக்குக் களத்தில் அளந்த அந்த மாதிரிப் பங்குக்குப் பழைய வருவாய் ஆவணங்களில் என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மகர் வத்தன் முறையைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். மகர்களை எந்த நேரத்திலும் எந்த அரசு வேலைக்கும் கூப்பிடலாம். அதற்குக் கூலி என்று ஒன்று நிர்ணயம் இல்லை. கொஞ்சம் நிலமும், ஊரார் மனம் வைத்துக் கொடுக்கும் தானியமும்தான். உழைப்புக்கு விலை சொல்ல முடியாத நிலைதான் அடிமைத்தனத்தின் அச்சாணி என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

எனவே 'கலை ஒரு சேவை, அதற்குக் காசு கேட்கலாமா' என்று யாராவது சொன்னால், அது நம் பாட்டன் பூட்டன் காதில் விழுந்த அதே வசனம் என்று நினைவில் வையுங்கள். இலவசமாகப் பாட யாரால் முடியும்? வீட்டில் வாத்தியமும் வங்கியில் வைப்பு நிதியும் இருப்பவரால் முடியும். நாலு நாள் பெயிண்ட் அடித்துவிட்டு ஐந்தாம் நாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டுகிற கானா பாடகரால் முடியாது. இசை இலவசம் என்று விதி வைத்தால் கடைசியில் மேடையில் மிஞ்சுவது முதலாமவர் மட்டுமே.

2017-இல் தன் பாடல்களை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சட்டம் யார் பக்கம் என்று பேசியவர்கள் கொஞ்சம் பேர். 'காசுக்கு அலைகிறார்' என்று ஏளனம் செய்தவர்கள்தான் அதிகம். எந்த இசை நிறுவனமும் தன் உரிமைக்கு நோட்டீஸ் அனுப்பியதற்காக இப்படிக் கேலிக்கு ஆளாகி நான் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆதிக்க சாதிப் பெருமை பாடும் பாடல்களுக்குப் புரவலர்கள் உண்டு. குருபூஜைக்கு ஒரு பாட்டு, சங்க மாநாட்டுக்கு ஒரு பாட்டு, காதுகுத்துக்கு ஒரு பாட்டு என்று காசு கொடுத்து எழுத வைக்க ஆள் இருக்கிறார்கள். சாதியை எதிர்த்துப் பாடுகிறவருக்கு அப்படி எந்தப் பண்ணையாரும் இல்லை, இருக்கவும் கூடாது. அவருக்கு இருக்கிற ஒரே புரவலர் கேட்கிறவர்தான். அதாவது நீங்களும் நானும்.

இது நம் இயக்க மரபுக்குப் புதிதும் அல்ல. 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயரிலேயே அதன் விலை இருந்தது: 'ஒரு பைசாத் தமிழன்'. எளியவர் வாங்கக்கூடிய விலை, ஆனால் விலை. ஜமீன்தார் மானியத்தை நம்பியிருந்தால் அவர் எழுதியதை எழுதியிருக்க முடியாது. 1920-இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வெளிவந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போடத் திலகரின் 'கேசரி' மறுத்தது. அடுத்தவர் மேடை நமக்குக் கிடைக்காது என்று தெரிந்ததால்தான் நம் முன்னோர் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்கள், சந்தா கேட்டார்கள். பாட்டுக்கும் அதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

கேட்டால் காசு வருமா?

இன்குலாபின் 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் போன காலத்தில், பாட்டு மேடையிலும் ஒலிநாடாவிலும் பயணம் செய்தது. கூட்டம் முடிந்தால் புத்தகங்களோடு ஒலிநாடாக்களும் மேசையில் இருக்கும். வாங்குகிற காசு கண்ணுக்குத் தெரியும். இன்று அந்த மேசை இல்லை. ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் மியூசிக் என்று செயலிகள் இருக்கின்றன. 'கானா' என்றே ஒரு செயலி இருக்கிறது, ஆனால் வியாசர்பாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இந்தியில் பாட்டு என்று பொருள்.

இந்தச் செயலிகளில் பணம் எப்படிப் போகிறது என்று புரிந்துகொள்வது அவசியம். நீங்கள் மாதச் சந்தா கட்டி, அந்த மாதம் முழுக்க ஒரே ஒரு பறை இசைக் குழுவின் பாடல்களை மட்டும் கேட்டீர்கள் என்று வையுங்கள். உங்கள் சந்தா அந்தக் குழுவுக்குப் போகும் என்று நினைப்பீர்கள். போகாது. பெரும்பாலான செயலிகள் எல்லாருடைய சந்தாவையும் விளம்பர வருமானத்தையும் ஒரே பானையில் கொட்டுகின்றன. தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மொத்தத்தில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஒலித்தது என்ற விகிதத்தில் பிரிக்கின்றன. எனவே உங்கள் காசின் பெரும்பகுதி நீங்கள் கேட்டே இராத பெரிய நிறுவனப் பாடல்களுக்குப் போகிறது. கேட்பவரின் காசு அவர் கேட்ட பாடகருக்கே போகும் முறையை 2021-இல் சவுண்ட்கிளவுட் தொடங்கியது. அது இன்னும் பொது வழக்கமாகவில்லை.

அதோடு, 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது ஒலித்திருந்தால்தான் அதற்குப் பணம் உண்டு. 999 தடவை ஒலித்த பாட்டுக்கு ஒன்றும் இல்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகள் வேண்டும்.

இதனால் செயலிகளில் பாட்டை ஏற்றவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்ற வேண்டும். புதிதாகக் கேட்கிறவர் அங்கேதான் நம்மைக் கண்டுபிடிப்பார். அது சுவரொட்டி. சுவரொட்டியைக் கடையென்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். அந்தச் சுவரும் நிரந்தரமில்லை. ரெஸ்ஸோ இந்தியாவில் 2024 ஜனவரியில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தது. எனவே பாடலின் மாஸ்டர் கோப்பு, தனித்தனி ஒலித்தடங்கள், அட்டைப் படம் எல்லாம் இரண்டு இடங்களில் உங்கள் கையில் பத்திரமாக இருக்க வேண்டும்.

முதலில் தாள், பிறகு தளம்

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து அறிவு எழுதிய பாடல் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அந்தப் பாடலைப் பற்றிய பேச்சு இருந்தது, அறிவின் முகம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் அவருக்கு ஓர் அட்டை வந்தது. 2022-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் ஒலித்தபோது அவர் மேடையில் இல்லை. அதில் யார் எந்த வேலையைச் செய்தார் என்பதை அறிவும் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் விளக்க வேண்டி வந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாடலிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே காணொளியில் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் வேறு கணக்கு சொன்னது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நமக்கு ஆவணம் இல்லை. ஆனால் உலகமே கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், பகுதி நேரமாகப் பாடுகிற நம் தோழர் என்ன செய்வார்? பாட்டை எங்கும் ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், வாசித்தவர், ஒலிப்பதிவுக்குச் செலவழித்தவர் எல்லாரும் உட்கார்ந்து யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள் என்பதால் வேண்டாம் என்று விடாதீர்கள். நட்பைக் காப்பாற்றுவதே அந்தத் தாள்தான்.

சட்டத்தில் சில விஷயங்கள் நமக்குச் சாதகமாக இருக்கின்றன. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒலிப்பதிவை ஏற்பாடு செய்து பொறுப்பெடுத்தவருக்கே பதிவின் உரிமை என்பதால், 'நான் ஸ்டுடியோ தருகிறேன், நீ பாடு' என்று யாராவது சொன்னால் பதிவு யாருடையது என்பதை அங்கேயே பேசிவிடுங்கள். உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள்தான், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சரிபங்கு பெறும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. 'எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும்' என்று ஒரு தாள் நீட்டப்பட்டால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய், தெரிந்த வழக்கறிஞர் தோழரிடம் காட்டுங்கள்.

ஏற்றும்போது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் நேராக ஏற்ற முடியாது. இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் பங்கு கேட்காது. ஆனால் கட்டணம் நின்றால், தனியாகக் காசு கட்டி நிறுத்திவைக்காத பாடல் இறங்கிவிடும். சிடி பேபி வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு பாட்டு போடுபவருக்குப் பின்னதும், மாதம் ஒரு பாட்டு போடுபவருக்கு முன்னதும் பொருந்தும். கட்டணங்கள் மாறும், சேரும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டு நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள். எழுத்து மாறினால் செயலி உங்களை இரண்டு பாடகர்களாகப் பிரித்துவிடும், கணக்கும் சிதறும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து எண் கிடைக்கும். அது பாட்டின் ஆதார் மாதிரி, குறித்து வையுங்கள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களுக்கான கட்டங்களைக் காலியாக விடாதீர்கள். அமெரிக்க நிறுவனமாக இருந்தால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்கும். நிரப்பாவிட்டால் தேவைக்கு மேல் வரி பிடிப்பார்கள்.

பீட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ கிடைக்கும் பீட்டில் கானாவும் ராப்பும் பாடுவது இன்று வழக்கம். அதே பீட் இன்னும் நூறு பேரிடம் இருக்கும். அப்படிப்பட்ட பாட்டை யூடியூபின் உரிமைக் கோரல் முறையில் சேர்த்தால், மற்றவர் பாட்டுக்கும் உங்கள் பெயரில் கோரல் போகும், கடைசியில் உங்கள் கணக்கு முடங்கும். முடிந்தால் ஒரு மேளக்காரரைக் கூப்பிட்டுச் சொந்தமாக வாசிக்க வையுங்கள். அவருக்கும் கூலி, உங்களுக்கும் உரிமை.

செயலி தரும் பணம் ஒரு பகுதிதான். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியை வசூலிப்பது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.பி.ஆர்.எஸ். பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் இசாம்ரா இருக்கிறது. பதிவு செய்யாதவரைத் தேடிவந்து யாரும் கொடுக்க மாட்டார்கள்.

நேராக விற்பது

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். உங்கள் பாட்டை உயிராக நேசிக்கிற 200 பேர் தலைக்கு ₹100 கொடுத்து வாங்கினால் ₹20,000. ஒரு பேச்சுக்கு, ஒருமுறை ஒலித்தால் பத்து பைசா என்று வைத்துக்கொண்டால், அதே தொகைக்குப் பாட்டு இரண்டு லட்சம் தடவை ஒலிக்க வேண்டும். 200 பேரை நம்மால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். இரண்டு லட்சத்தை அல்காரிதம்தான் கூப்பிட வேண்டும்.

பேண்ட்கேம்ப் தளத்தில் பாட்டை நீங்களே விலை வைத்து விற்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. நீங்கள் சொன்ன விலைக்கு மேலும் வாங்குபவர் கொடுக்கலாம். டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் தமிழர்களுக்கு இது நல்ல வழி. உள்ளூருக்குச் சரிவராது. அது பேபாலை நம்பியிருக்கிறது, பேபாலோ 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளேயான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது.

உள்ளூருக்கு நம்மிடம் யுபிஐ இருக்கிறது. பாட்டின் ஒரு நிமிடத்தை யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுங்கள். கீழே க்யூஆர் கோடும் வாட்ஸ்அப் எண்ணும் கொடுங்கள். விற்பனைக்கென்று தனி எண்ணும் தனி வங்கிக் கணக்கும் இருப்பது நல்லது, குறிப்பாகப் பெண் தோழர்களுக்கு. பணம் வந்ததும் முழுப் பாட்டு, வரிகள், எழுதிய கதை, அட்டைப் படம் எல்லாம் அடங்கிய இணைப்பை அனுப்புங்கள். விற்பனை கூடினால் ரேசர்பே போன்றவற்றில் பணம் கட்டும் பக்கம் தொடங்கலாம், பான் அட்டை வேண்டும். வாங்கியவர்களின் எண்களை அவர்கள் சம்மதத்தோடு பட்டியலாக வையுங்கள். அடுத்த பாட்டுக்கு அந்தப் பட்டியல்தான் மூலதனம். எந்தச் செயலி மூடினாலும் அது உங்களிடம் இருக்கும். சென்னை புத்தகக் காட்சி, மார்கழியில் மக்களிசை போன்ற இடங்களில் அதே க்யூஆர் கோடை ஒரு அட்டையில் அச்சடித்துக் கொண்டுபோனால், ஒலிநாடா மேசை திரும்ப வந்த மாதிரிதான்.

"ஒருவர் வாங்கிப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவாரே?" அனுப்பட்டும். அந்தப் பத்தில் ஒருவர் அடுத்த முறை வாங்குவார். "காசில்லாத மாணவர் என்ன செய்வார்?" யூடியூபில் கேட்பார். மூன்று மாதம் விற்றுவிட்டுப் பிறகு முழுப் பாட்டையும் அங்கே திறந்து விடலாம். 'முடிந்தவர் ₹100, மாணவர் ₹20, முடியாதவர் கேளுங்கள், அனுப்புகிறேன்' என்று எழுதினால் போதும். விலை வைப்பதும் கதவை மூடுவதும் ஒன்றல்ல.

நம் பங்கு

இதுவரை சொன்னதெல்லாம் பாடகர் செய்ய வேண்டியது. பாதி வேலைதான் அது. நம்மில் பலர் மாதாமாதம் நூற்றுக்கணக்கில் செயலிகளுக்கும் ஓடிடிக்கும் தானியங்கியாகக் கட்டுகிறோம். சாதி ஒழிப்புப் பாட்டை ஸ்டேட்டஸில் வைக்கிறோம். அந்தப் பாட்டைப் பாடியவருக்கு இந்த ஆண்டில் ஒரு ரூபாயாவது நம் கையிலிருந்து நேராகப் போயிருக்கிறதா?

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது, சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா நிமிர்ந்து நின்று பாடுவதைப் பார்த்தோம். அந்தப் பெயரே பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லாட்சியிலிருந்து வந்தது. மேடையின் மரியாதையை மீட்டுவிட்டோம். கூலியின் மரியாதை பாக்கி இருக்கிறது.

அமைப்புகளில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்துக்கு வரவு செலவு எழுதும்போது பந்தல், மைக்செட், சுவரொட்டி என்ற வரிசையில் 'பாடகர் குழு ஊதியம்' என்று ஒரு வரி சேருங்கள். வசூல் குறைந்தால் பந்தலைச் சின்னதாகப் போடுங்கள். பேச்சாளர்களின் புத்தகம் விற்கும் மேசையில் பாடகரின் க்யூஆர் கோடுக்கும் ஓரிடம் கொடுங்கள், மேடையிலிருந்து அதை அறிவியுங்கள். பாடுகிற தோழர்களே, உங்களைக் கூப்பிடும்போது தேதியைக் கேட்ட அடுத்த வாக்கியத்திலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள். தயங்காமல், குரலைத் தாழ்த்தாமல்.